மூலைமட்டம் செல்லாத கரை

ராமநாதபுரம்

பரமக்குடியைத் தாண்டியதும் நிலம் முழுக்கப் படுத்துவிட்டது. கோவையில் எந்தத் தெருவில் நின்று மேற்கே பார்த்தாலும் மலை மறிக்கும். அதில் பழகிய கண்ணுக்கு இங்கே முட்டிக்கொள்ள ஒன்றும் கிடைப்பதில்லை. வெடித்துக் கிடக்கும் கண்மாய், அதன் கரையில் வரிசை தவறிய பனைகள், மிச்ச இடமெல்லாம் சீமைக்கருவேலம். வைகாசி வெயில் தரையிலிருந்தே கிளம்புவதுபோல இருந்தது.

நாங்கள் இருவர். கோவையில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு நண்பரின் வீட்டுப் பின்கட்டில் மரவேலை செய்கிறோம். வங்கி ஊழியர் ஒருவர், பம்புசெட் பட்டறைக்காரர் ஒருவர், ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவர், இப்படி. யாருக்கும் இது பிழைப்பு இல்லை. முக்காலி, புத்தக அலமாரி, பல்லாங்குழிப் பலகை, பேரப்பிள்ளைக்கு நடைவண்டி என்று ஆளுக்கொன்றாகச் செய்வோம். போன வருடம் டீச்சர் தன் பேத்திக்காகத் தேக்கில் ஒரு படகு செய்தார். இழைப்பு அவ்வளவு சுத்தம். மூட்டுகளில் நகம் நுழையாது. தொட்டியில் விட்டதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து கவிழ்ந்தது. அடியில் ஈயம் வைத்தார், நின்றது. துணிப்பாய் கட்டி மின்விசிறிக்கு முன்னால் விட்டதும் மறுபடி கவிழ்ந்தது. “படகு செய்யறவங்களப் பார்த்துக் கேட்டுட்டு வாங்க” என்று அவர்தான் எங்களை அனுப்பினார்.

நகருக்குச் சற்று முன்னால் சாலையோரத்தில் கரிமூட்டம் புகைந்துகொண்டிருந்தது. இந்த மாவட்டத்தில் சீமைக்கருவேலம் பெரும்பாலும் விறகாகவோ கரியாகவோதான் முடிகிறது. வெட்டி அடுக்கியிருந்த குவியலிலிருந்து தொடை கனத்தில் ஒரு துண்டை நண்பர் தூக்கிப் பார்த்தார். செம்பழுப்பு நிறம், கல் கனம், வரிகள் நெருக்கம். “நல்ல மரம்ணே இது, கடைசல் பிடிச்சா பளபளன்னு வரும்” என்றார். மூட்டம் போடுகிறவர் வாங்கிப் பார்த்துவிட்டு, “எடுத்துக்கிட்டுப் போங்க, எனக்கு எல்லாம் ஒரே கரிதான்” என்றார். அந்தத் துண்டு பயணம் முழுக்கக் காரின் பின்னிருக்கையில் உருண்டது.

ராமலிங்க விலாசம் அரண்மனையின் சுவரோவியங்களை ஒரு மணி நேரம் பார்த்தோம். அவற்றைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். வெளியே ஒருவர் நுங்கு சீவிக்கொண்டிருந்தார். நான்கு சீவலில் கண் திறந்துவிடுகிறது அவருக்கு. மரவேலை செய்கிறவன் அரிவாள் பிடித்த கையைத்தான் முதலில் பார்ப்பான்; நுங்கு காத்துக்கொண்டிருக்கும்.

தொண்டிக் கரை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே திரும்பினோம். தேவிபட்டினத்தில் நவபாஷாணம் கடலுக்குள் நிற்கிறது. ஒன்பது கற்களைச் சுற்றி முழங்கால் தண்ணீரில் ஆட்கள் நடக்கிறார்கள். அலை என்று சொல்ல ஒன்றும் இல்லை. குளத்தில் காற்றடித்தால் வரும் சுருக்கம்தான். இந்தப் பக்கத்து மீனவர்கள் பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும், ராமேஸ்வரம் தீவுக்குத் தெற்கே இருக்கும் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்கிறார்கள். பெண்கடலில் ஏழு பாகத்துக்கு மேல் ஆழம் கிடைப்பது அரிது (இரண்டு கைகளையும் விரித்த நீளம் ஒரு பாகம்). கரையோரம் வெகுதூரம் இடுப்பளவுத் தண்ணீர்தான். இந்த ஆழக்குறைவை அப்போது சும்மா கேட்டுக்கொண்டேன். டீச்சரின் கேள்விக்கான பதிலில் பாதி அதில் இருந்தது பிறகுதான் தெரிந்தது.

திருப்பாலைக்குடி, காரங்காடு, முள்ளிமுனை, நம்புதாளை என்று கரையூர்கள் சாலைக்குக் கிழக்கே ஒளிந்து ஒளிந்து வருகின்றன. தொண்டிக்கு அருகில் ஒரு மீனவக் கிராமத்தில் எங்களுக்கு வழி சொல்லியிருந்தார்கள். தென்னங்கீற்றுப் பந்தலின் கீழ் ஒரு வத்தை. அதைச் சுற்றி ஆறு இளைஞர்கள், நடுவே எழுபது வயதுக்கு மேல் மதிக்கத்தக்க ஒரு ஓடாவி.

ஓடாவி என்ற சொல்லை முதன்முதலாக வாய்மொழியாகக் கேட்டது அங்கேதான். கலம் கட்டும் தச்சருக்குத் தமிழில் இருக்கும் பெயர். அகராதியில் படித்திருக்கிறேன், ஒரு பையன் “ஓடாவி ஐயா, டீ ஆறுது” என்று கூப்பிட்டபோது அந்தச் சொல் உடம்போடு எழுந்து வந்து டீயை வாங்கிக் குடித்தது.

வத்தை என்பது இந்தக் கரையின் பலகைப் படகு. ஒரு காலத்தில் மீன் பிடித்தது, சரக்கு ஏற்றியது. விசைப்படகு வந்தது, நாட்டுப்படகுக்கும் இன்ஜின் வந்தது, 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கரை முழுக்கக் கண்ணாடியிழைப் படகுகள் குவிந்தன. பாய் கட்டித் தொழிலுக்குப் போகிறவர்களை இன்று தேடித்தான் பார்க்க வேண்டும். ஆனால் தொண்டியைச் சுற்றியுள்ள ஊர்களில் கோயில் திருவிழா என்றால் பாய்மரப் படகுப் போட்டி உண்டு. ராமநாதபுரம், புதுக்கோட்டை மாவட்டக் கரையூர்களிலிருந்து படகுகள் வரும். அந்தப் போட்டிக்காகவே பாயையும் மரத்தையும் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். பந்தலில் இருந்த ஆறு பேரில் நான்கு பேர் மறுநாள் விடிந்தால் ஃபைபர் படகில் வலை எடுத்துக்கொண்டு போகிறவர்கள். ஒருவர் ஆட்டோ ஓட்டுகிறார். ஒருவன் கல்லூரி மாணவன். ஆளுக்கு இவ்வளவு என்று காசு போட்டுப் பழைய வத்தையைப் பிரித்துக் கட்டுகிறார்கள். பரிசுப் பணம் செலவுக்குக் காணாது என்று அவர்களே சொன்னார்கள். கோவையில் எங்கள் பின்கட்டில் நடப்பதற்கும் இதற்கும் ஏதோ ஒரு உறவு இருப்பது அப்போதே புரிந்தது. எங்களுடைய பொருள் சுவரோரம் நிற்கும். இவர்களுடையது காற்றோடு மல்லுக்கட்ட வேண்டும், அவ்வளவுதான் தூரம்.

நண்பர் பழக்க தோஷத்தில் பையிலிருந்து மூலைமட்டத்தை எடுத்தார். ஓடாவி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்ல எஃகு, நல்ல வேலை என்றார். பிறகு படகைக் காட்டி, “இதுல எங்க வச்சுப் பாக்கப் போறீக?” என்று கேட்டார். நாங்கள் பார்த்தோம். அடிக்கட்டையான ஏராவிலிருந்து எழும் பலகை, முன்முனையான அணியத்தை நோக்கிப் போகப் போக முறுகி மேலேறுகிறது. ஒரு வங்குக்கும் அடுத்த வங்குக்கும் சாய்வு வேறு. அந்தப் படகில் நேராக ஓடும் கோடும் இல்லை, இரண்டு பலகை செங்கோணத்தில் சந்திக்கும் இடமும் இல்லை. எங்கள் வேலையின் அடிப்படையே தொண்ணூறு பாகை. முதல்நாள் முதல் பாடம் அது. இங்கே அதை வைத்து ஒன்றும் தொடங்க முடியாது.

வரைபடமும் கிடையாது. ஏராக்கட்டையின் நீளம் இத்தனை முழம் என்று முடிவானால் அகலம், ஆழம், பாய்மரத்தின் உயரம் எல்லாம் அதிலிருந்து கணக்காகப் பிறக்கின்றன. நடுவில் ஒரு நூல், அதிலிருந்து இரு பக்கமும் கோலால் அளவு. மற்றதெல்லாம் தூர நின்று ஒரு கண்ணை மூடிப் பார்ப்பதுதான். அவர் அப்படிப் பார்க்கும்போது பையன்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள்.

வங்கு என்பது விலாச்சட்டம். அதற்கு அவர் நிமிர்ந்த மரத்தைத் தேடுவதில்லை. நாட்டுக்கருவேலம், பூவரசு, வேம்பு ஆகியவற்றில் கிளை பிரியும் இடத்தில் இயல்பாக வளைந்த கட்டையாகப் பார்த்து எடுக்கிறார். நேர்க்கட்டையை வளைவாக அறுத்தால் வரி குறுக்கே வெட்டுப்பட்டு, அலை தட்டும்போது அந்த இடத்தில் ஒடியும். மரமே வளைந்து வளர்ந்திருந்தால் வரியும் கூடவே வளைந்திருக்கும், ஒடியாது. “மரத்துக்குள்ள வங்கு இருக்கும் தம்பி. ரோட்டோரம் போறப்பவே பாத்து வச்சுக்குவேன். அந்த வீட்டு வேப்பமரத்துல ரெண்டு வங்கு இருக்கு, காத்துல விழுந்தா எனக்குச் சொல்லுங்கன்னு சொல்லி வச்சிருப்பேன்.” நாங்கள் மரக்கடையில் வளைந்த பலகையை ஒதுக்கிவிட்டு நேராக இருப்பதைப் பொறுக்குகிறவர்கள். இத்தனை வருடம் ஒதுக்கியவற்றை எல்லாம் நினைத்துக்கொண்டேன்.

பக்கப் பலகைக்கு ஆயினி. கேரளத்திலிருந்து வருகிறது, விலை ஏறிவிட்டது. அதை முறுக்குவதை அன்று மாலை பார்த்தோம். பலகையை நனைத்து, ஒரு முனையைக் கவையில் செருகி, நடுப்பகுதிக்குக் கீழே நெருப்பு. பனைமட்டையும் சிராயும்தான் எரிபொருள். ஒருவன் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்கிறான், பலகை கருகக் கூடாது. மறுமுனையில் கயிறு கட்டி இரண்டு பேர் இழுக்கிறார்கள். இழுப்பது என்று சொல்லலாமா தெரியவில்லை. கயிற்றில் சாய்ந்து நிற்கிறார்கள், அவ்வளவுதான். முக்கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மரம் மெல்ல மூச்சு விடுவதுபோல் ஒரு சத்தம், பலகையின் முனை அரைச்சாண் கீழே வந்தது. ஓடாவி கையைத் தூக்கினார். எல்லோரும் அப்படியே நின்றார்கள். பலகையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, “இன்னும் வரும், அவசரப்படாதீக” என்றார்.

பலகைகளுக்கு இடையிலான சந்தில் பஞ்சுத் திரியை உளியால் அடித்து இறக்கி, எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தைப் பூசுகிறார்கள். கலப்பத்து என்று அதற்குப் பெயர். திரியை அளவாக அடிக்க வேண்டும். மரம் தண்ணீரில் ஊறிப் பருக்கும். இறுக்கி அடைத்துவிட்டால் பருக்க இடமில்லாமல் பலகை ஆணியைத் தள்ளிக்கொண்டு கிளம்பிவிடும். எங்களுக்குத் தண்ணீர் எதிரி. ஈரம் போகக் காயவைத்து, மெருகெண்ணெய் பூசி, மழைக்காலத்தில் அலமாரிக் கதவு இறுகினால் வருத்தப்படுவோம். இந்தப் படகோ ஈரத்தை நம்பிக் கட்டப்படுகிறது. கரையில் நெடுநாள் கிடந்தால்தான் சந்து திறக்கும். கடலில் இறக்கிய முதல் நாள் கசியும், இரண்டாம் நாள் குறையும், பிறகு மரமே தன்னை மூடிக்கொள்ளும்.

இவ்வளவுக்கும் நடுவில் ஒரு வாக்குவாதம் ஓடிக்கொண்டிருந்தது. பையன்களுக்குப் பலகை இன்னும் மெலிதாக வேண்டும். கனம் குறைந்தால் ஓட்டம் கூடும். ஓடாவி ஒத்துக்கொள்ளவில்லை. “போட்டி ஒரு நாளு. படகு மத்த நாளும் இருக்கணும்ல?” என்றார். கல்லூரிப் பையன், “மத்த நாள் இது என்னத்துக்கு ஐயா, சும்மாதான கிடக்கப்போவுது?” என்று கேட்டான். அவர் பதில் சொல்லாமல் வாய்ச்சியை எடுத்துக்கொண்டு மறுபக்கம் போய்விட்டார். அரைமணி கழித்து அந்தப் பையனே போய், அவர் செதுக்கும் பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். எந்தக் கனத்தில் முடிவானது என்று நாங்கள் கேட்கவில்லை.

மதியச் சாப்பாடு அந்த ஆட்டோக்காரர் வீட்டில். காரல் மீன் குழம்பும் நண்டு வறுவலும். முண்டு மிளகாயின் காரம் நாக்கில் ஏறாமல் தொண்டையில் போய் உட்கார்ந்தது. கொங்கு நாட்டுச் சமையலில் தேங்காய் காரத்தை அணைக்கும். இங்கே புளி அதைத் தூக்கிவிடுகிறது. அவருடைய அம்மா, “எங்க மாமனாரு பாயிலயே பிழைச்சாரு. காத்து இல்லாத நாள் வீட்ல அடுப்பு இல்ல. இவனுக காத்தோட விளையாடுறானுக” என்றார். குறையாகச் சொல்லவில்லை. மகன் தட்டில் இன்னொரு அகப்பை குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னார்.

நான்கு மணிக்குச் சோளகக் காற்று எழுந்தது. ஏற்கெனவே கட்டி முடித்த இன்னொரு வத்தையைப் பயிற்சிக்காக இறக்கினார்கள். பாயைத் தாங்கும் கழியான பருமலை ஏற்றியதும் பாய் முக்கோணமாக விரிந்தது. படகின் குறுக்கே ஒரு நீளப் பலகையைச் செருகினார்கள். அதன் முனை காற்று வரும் பக்கம் தண்ணீருக்கு மேல் வெகுதூரம் நீட்டிக்கொண்டு நின்றது. காற்று பாயைத் தள்ளியதும் படகு மறுபக்கம் சாய்ந்தது. உடனே இரண்டு பேர் பலகையில் ஓடினார்கள். காற்று கூடக் கூட இன்னும் ஒருவர், இன்னும் வெளியே. படகு நிமிர்ந்தது. கடைசியில் இருந்தவரின் கால் அலையில் பட்டுப் பட்டு எழுந்தது. ஒருவன் சிறு வாளியால் கடல்நீரை மொண்டு பாயின் மேல் வீசிக்கொண்டே இருந்தான். நனைந்த துணியில் இழைகளுக்கு இடையிலான துளை அடைபடும், காற்று கசியாது.

சென்னை மாகாண மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி 1920இல் எழுதியபோது, பாக் நீரிணையின் இந்தக் குறுக்குப் பலகையைக் கவனித்துப் பதிவு செய்தார். நூறு வருடம் கழித்து அதைப் பார்க்கும் எனக்கு, டீச்சரின் படகு ஏன் கவிழ்ந்தது என்பது விளங்கியது. ஆழ்கடல் பாய்க்கப்பலுக்கு அடியில் ஆழமும் கனமும் வைக்கலாம். ஏழு பாகம் கடலில், இடுப்பளவுக் கரையில், அடியில் ஆழம் வைத்தால் தரை தட்டும். ஆகவே இங்கே கனத்தை அடியில் வைக்காமல் பக்கத்தில் வைத்தார்கள். அதுவும் இடம் மாறக்கூடிய கனமாக, காற்றைப் பார்த்து ஓடக்கூடிய மனிதர்களாக. நிற்கும் சாமான் செய்து பழகிய நாங்கள் படகையும் தானாக நிற்க வைக்கப் பார்த்தோம்.

ஓடாவி கரையில் எங்களோடு நின்று பார்த்தார். கையை நெற்றிக்கு மேல் வைத்துக்கொண்டு, உதட்டை அசைத்து ஏதோ எண்ணினார். படகு திரும்பும்போது பலகையை இழுத்து மறுபக்கம் செருகி, ஆட்கள் இடம் மாறும் அந்தச் சில கணங்களைத்தான் அவர் எண்ணுகிறார் என்று ஆட்டோக்காரர் சொன்னார்.

அழகன்குளம்

வைகை கடலில் சேரும் ஆற்றங்கரைக்குப் பக்கத்தில் இருக்கிறது இந்த ஊர். வீடுகளும் தென்னைகளும் தவிர மேலுக்கு ஒன்றும் தெரியாது. 1980களிலிருந்து தமிழகத் தொல்லியல் துறை இங்கே பலமுறை தோண்டியிருக்கிறது. ரோமானியக் காசுகளும் மட்பாண்டங்களும் கிடைத்த பழைய துறைமுகம். கிடைத்தவற்றில் எனக்குப் பிடித்தது ஒரு பானை ஓடு. அதில் பாய்மரக் கப்பல் ஒன்றைக் கீறியிருக்கிறார்கள். ரோமானியக் கப்பல் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

யாரோ ஒருவர், ஏறக்குறைய இரண்டாயிரம் வருடங்களுக்கு முன், துறையில் நின்ற கப்பலைப் பார்த்துவிட்டுக் கையில் இருந்த பானையில் கீறினார். அந்தக் கீறலால் பானைக்கு ஒரு பயனும் கூடவில்லை. தண்ணீர் அதே அளவுதான் பிடித்திருக்கும். தொண்டிப் பந்தலில் இருந்துவிட்டு நேரே இங்கே வந்ததால் அந்தக் கையை என்னால் கற்பனை செய்ய முடிந்தது. ஊரில் அதிக நேரம் நிற்கவில்லை. ஒரு பாட்டியிடம் பதநீர் வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

பாம்பன்

சாலைப் பாலத்தில் எல்லோரும் வண்டியை நிறுத்திக் கீழே பார்க்கிறார்கள். நாங்களும் பார்த்தோம். ஒரு பக்கம் 1914இல் திறந்த பழைய ரயில் பாலம். அது ஓட்டத்தில் இருந்தவரை, கப்பல் வரும்போது ஆட்கள் நின்று கையால் சுற்றி அதன் இரண்டு கைகளையும் தூக்குவார்கள். அதன் அருகிலேயே 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலம். நடுப்பகுதி மின்விசையில் அப்படியே செங்குத்தாக மேலே எழும்புகிறது. நாங்கள் நின்ற சாலைப் பாலம் 1988இல் வந்தது. அதற்கு முன் தீவுக்குப் போக ரயில் வேண்டும், இல்லையென்றால் படகு வேண்டும். பாலத்துக்கு வடக்கே பெண்கடல் பச்சையாகச் சும்மா கிடந்தது. தெற்கே ஆண்கடல் கருநீலமாகப் பாறைகளில் அறைந்துகொண்டிருந்தது. சாலையைக் கடந்து நின்றால் கடல் மாறிவிடுகிறது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனம் பெருகுவதற்காக. மீனவருக்கு அது கையைக் கட்டிய காலம். தச்சருக்குக் கையில் ஓயாத வேலை. பாம்பனிலும் மண்டபத்திலும் படகுகளைக் கரையேற்றி, முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். தண்ணீரில் பாதி உடம்பு மறைந்தே பார்த்த படகு கரையில் முழுசாக நிற்கும்போது வீடளவு இருக்கிறது. அதன் அடியில் மனிதர்கள் மல்லாந்து படுத்துக்கொண்டு வேலை செய்கிறார்கள். தொண்டியில் இருந்த நிதானம் இங்கே இல்லை. மின்ரம்பம், மின்துரப்பணம், ஜெனரேட்டர் சத்தம். ஜூன் 14 இரவுக்குள் படகு இறங்கியாக வேண்டும்.

நாற்பது வயது ஓடாவி ஒருவர் அழுகிய பலகையைப் பெயர்த்து எங்களிடம் தந்தார். வெளியே பார்க்கத் திடமான மரம். உடைத்தால் உள்ளே தேன்கூடு. விரல் நுழையும் வளைகள், ஒவ்வொன்றின் சுவரிலும் மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு. கப்பற்புழு. புழு என்று சொன்னாலும் அது சிப்பி இனத்தைச் சேர்ந்தது. தன் ஓட்டின் இரண்டு சிறு தகடுகளை அரம்போல வைத்துக் குடைந்து, போகிற வழியெல்லாம் சுண்ணாம்பு பூசிக்கொண்டு போகும். “எங்களவிட நல்ல வேலைக்காரன்” என்றார் அவர், அந்த வளையைச் சுட்டுவிரலால் தடவியபடி. உண்மையான மதிப்போடு சொன்னார். முன்பு ஓலை கொளுத்தி அடிமரத்தைச் சுட்டு, சுண்ணாம்பும் எண்ணெயும் பூசினார்களாம். இப்போது வெளியே கண்ணாடியிழையும் பிசினும் ஒட்டிவிடுகிறார்கள். புழு நுழையாது. ஆனால் எங்காவது கீறல் விழுந்து தண்ணீர் உள்ளே போனால் மரம் உலர வழியில்லாமல் போர்வைக்குள்ளேயே அழுகும்.

அவருடைய தகப்பனார் வத்தை கட்டியவர். இவர் கட்டியதில்லை, பழுதுதான் பார்த்திருக்கிறார். புதுப் படகு கேட்பவர்கள் இரும்பும் ஃபைபரும் கேட்கிறார்கள். மகன் ராமநாதபுரத்தில் ஐடிஐ படிக்கிறான், வெல்டர் பிரிவு. தொண்டியில் பையன்கள் படகு கட்டுவதைச் சொன்னோம். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். ஏரா எத்தனை முழம்? பலகை ஆயினியா? முறுக்கு நெருப்பிலா, இல்லை அறுத்து ஒட்டினார்களா? நெருப்பில் என்றதும் தலையை ஆட்டிக்கொண்டார். அந்த ஓடாவியின் ஊரையும் அடையாளத்தையும் கேட்டு, “எங்கப்பாவோட வேலை பாத்தவராத்தான் இருக்கும். சீசன் முடியட்டும், மகனக் கூட்டிக்கிட்டு ஒரு நாள் போய்ப் பாக்கணும்” என்றார். பிறகு மறுபடி படகின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

ராமேஸ்வரம்

கோயிலின் மூன்றாம் பிரகாரத்தில் நடந்தோம். கல் தூண்கள் வரிசையாகப் போய் ஒரு புள்ளியில் சேர்கின்றன. இரண்டு நாளாக வளைவையே பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு அந்த நேர்கோடு ஒரு அதிர்ச்சி.

மசூதித் தெருவில் அப்துல் கலாமின் வீட்டுக்கு வெளியே பள்ளிப் பிள்ளைகளின் வரிசை. மாடியில் ஏவுகணைப் படங்களுக்கு முன்னால் கூட்டம் நின்றது. நான் தேடியது அவற்றுக்கெல்லாம் முந்திய ஒன்றை. கலாமுக்கு ஆறு வயது இருக்கும்போது அவருடைய தந்தை ஜைனுலாப்தீன், யாத்திரிகர்களை ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு ஏற்றிப் போக, கடற்கரையில் ஒரு பாய்மரப் படகு கட்டினார். உறவினர் அகமது ஜலாலுதீன் துணை. படகு உருவாவதைச் சிறுவன் பக்கத்தில் இருந்து பார்த்தான். மரத்தை விறகு நெருப்பின் சூட்டில் பக்குவப்படுத்தியதை ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் மறக்காமல் சொல்லியிருக்கிறார். அந்தப் படகைப் பிறகு ஒரு புயல் கொண்டுபோய்விட்டது.

அந்த நெருப்பைப் பற்றிய வரியை நூல் வந்த காலத்திலேயே படித்துவிட்டுக் கடந்து போயிருக்கிறேன். தொண்டியில் முக்கால் மணி நேரம் காத்திருந்து, பலகை மூச்சு விட்ட சத்தத்தைக் கேட்ட பிறகுதான் ஆறு வயதுப் பிள்ளைக்கு அது ஏன் கடைசிவரை நினைவில் நின்றது என்று தெரிகிறது. காற்று, வேகம், சமநிலை என்று பின்னாளில் அவர் செய்த வேலை எல்லாவற்றுக்கும் முன்னால் கடற்கரையில் ஒரு படகு இருந்தது. அந்த வீட்டில் படகின் சிறு மாதிரி ஒன்றை வைத்தால் வரிசையில் நிற்கும் பிள்ளைகள் அதன் முன்னால்தான் அதிக நேரம் நிற்பார்கள் என்பது என் எண்ணம்.

தனுஷ்கோடி

1964 டிசம்பர் 22 இரவு புயல் அள்ளிப்போன ஊர். ரயில் நிலையத்தின் தண்ணீர்த் தொட்டியும் தேவாலயத்தின் சுவர்களும் மணலில் நிற்கின்றன. பவளக்கல்லால் கட்டிய சுவர்களைக் கிட்டே போய்ப் பார்த்தால் பூப்பூவாக வரி தெரிகிறது. மரத்தால் ஆனது ஒன்றும் மிச்சமில்லை. சாலை அரிச்சல்முனை வரை போகிறது, கார்கள் வரிசையாகப் போகின்றன. சாலைக்கும் பெண்கடலுக்கும் நடுவே கீற்றுக் குடிசைகளில் மீனவக் குடும்பங்கள் வாழ்கின்றன.

ஒரு குடிசை நிழலில் பெரியவர் ஒருவர் சூரிக்கத்தியால் எதையோ செதுக்கிக்கொண்டிருந்தார். கரையொதுங்கிய கட்டை, நெட்டிபோல இலேசு. எட்டு வயதுப் பேரன் எதிரே குந்தியிருந்தான். ஒரு முழ நீளத்தில் வத்தை உருவாகிக்கொண்டிருந்தது. அணியத்தின் முறுக்கு அப்படியே இருந்தது. பாயாகப் பால் பாக்கெட் உறையை விரித்துக் கட்டினார். நாங்கள் உட்கார்ந்துவிட்டோம். எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டதற்கு, “இவன் வாரத்துக்கு ஒண்ணத் தொலைப்பான், நான் வாரத்துக்கு ஒண்ணு செய்வேன்” என்றார். நண்பர் காரிலிருந்து அந்தச் சீமைக்கருவேலத் துண்டை எடுத்து வந்து காட்டினார். பெரியவர் கத்தியால் ஒரு சீவு சீவிப் பார்த்துவிட்டு, “இது ஏராவுக்கு ஆகும்” என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார்.

பையன் படகைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்கு ஓடினான். விட்டதும் பாய் புடைத்து, படகு சாய்ந்து, டீச்சரின் படகைப் போலவே படுத்துவிட்டது. நண்பர் என்னைப் பார்த்தார். பையன் அதை எதிர்பார்த்தவன்போல, கால்சட்டைப் பையிலிருந்து பனைமட்டைச் சிம்பு ஒன்றை எடுத்தான். படகின் குறுக்கே அதற்கென்றே வெட்டியிருந்த பள்ளத்தில் செருகி, காற்று வரும் பக்கம் நீட்டி, அதன் முனையில் ஒரு சிறு சிப்பியை நூலால் கட்டினான். மறுபடி விட்டான். படகு ஒருமுறை தடுமாறி, நிமிர்ந்து, கரைக்கு இணையாக ஓடத் தொடங்கியது.

முழங்கால் தண்ணீரில் அதன் கூடவே அவனும் ஓடினான். கொஞ்ச தூரம் போனதும் திரும்பி எங்களைப் பார்த்துக் கத்தினான்: “காத்து மாறுனா சிப்பிய அந்தப் பக்கம் மாத்தணும், அதான் நான் கூடவே போறேன்!”